காலைத் திருப்பிப் பாருங்கள்!

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், பென்னலூரில் டீ குடிக்க இறங்கினேன். ஷிப்ட் முடிந்த நேரம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன் ஒருவர், என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகால் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு.

''என்ன தம்பி அது?''

''ஷூ கடிச்சது சார். ஆறு மாசம் ஆச்சு. வலி இல்லை.''

சொந்த ஊர் ஒடிசா. கான்ட்ராக்ட் வேலை. இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம்.

எனக்கு டீ இறங்கவில்லை. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. 'முள் குத்தினது' என்று ரெண்டு வருஷம் மஞ்சள் பத்துப் போட்டார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியபிறகு டாக்டரிடம் போனால், 'மெலனோமா' என்றார். தோல் புற்றுநோய்! 1994-ல் வீட்டிலேயே இறந்துபோனார். சான்றிதழில் எழுதிய காரணம், 'வயோதிகம்'.

வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் நோய் அல்லவா என்பீர்கள். அவர்களுக்குத்தான் அதிகம்; நமக்கு அபூர்வம். ஆனால், நமக்கு வந்தால் பல சமயம் வெயில் படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. ஃபுட்பால் காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

2022-ல் உலகத்தில் சுமார் 3.3 லட்சம் பேருக்குப் புதிதாக மெலனோமா வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் எப்படி எண்ணுகிறார்கள்? பி.காம். படித்த புத்தி, சும்மா இருக்குமா... விசாரித்தேன். வீடு வீடாகப் போய் அல்ல. புற்றுநோய்ப் பதிவேடுகள் இருக்கின்றன. சென்னைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதைச் செய்கிறது. ஆஸ்பத்திரி, லேப், இறப்புச் சான்றிதழ் என்று தேடித் தேடிக் குறிக்கிறார்கள். இப்படிச் சில இடங்களில் கிடைத்த விகிதத்தை, வயதுவாரியாக மொத்த ஜனத்தொகையோடு பெருக்கினால் தேசக் கணக்கு!

பில் இல்லாத செலவு பேரேட்டில் ஏறாது. டாக்டர் பார்க்காத கறுப்பும் அப்படித்தான். போதாக்குறைக்கு, ஓர் ஊரில் ஒரு வருஷமாவது குடியிருந்தால்தான் அந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள். எட்டு மாதப் பையன், உடம்பு முடியாமல் ரயில் ஏறிவிட்டால் எந்த ஊர்க் கணக்கு? அங்கே பதிவேடு இல்லையென்றால், எதிலும் இல்லை. என் பெரியப்பா மாதிரியே!

''லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிடும் சார்'' என்றார். அந்தச் சம்பளத்தை நான் தருகிறேன் என்று சண்டை போட்டுத்தான் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வெறும் ரத்தக்கட்டாக இருக்கட்டும். கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் சந்தோஷம்தான். ஆனால், பார்க்காததால் குறையக் கூடாது.

இன்று ராத்திரி படுக்கும் முன் உங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அடிபட்ட ரத்தக்கட்டு என்றால், நாளாக நாளாக மறையும். மறையாமல் பெரிதாகிறதா? தள்ளிப் போடாதீர்கள். அப்படியே, வீட்டுப் பெரியவர்களின் காலையும் பாருங்கள். அவர்களால் குனிந்து பார்க்க முடியாது.