எழுத்துக்குள் அடங்கிய ஊர்கள்

பெயரைச் சுருக்கி அழைப்பது உரிமையின் அடையாளம். பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் இட்டு மகிழும் மக்கள், தாம் வாழும் இடங்களையும் அவ்வாறே சுருக்கி வழங்குகின்றனர். சென்னையில் தியாகராய நகர் தி. நகராயிற்று, இராஜா அண்ணாமலைபுரம் ஆர்.ஏ. புரமாயிற்று. முழுப்பெயர் சொல்லி வழி கேட்பவரை வெளியூரார் என்று கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வர்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த எங்களுக்கு இவ்வழக்கம் மிகவும் பழகியது. எங்கள் சீமையில் மனிதரைப் போலவே ஊர்களுக்கும் தலைப்பெழுத்து உண்டு. கங்காதர நெல்லூர், வடபெண்ணைக் கரையிலுள்ள பெரிய நெல்லூரோடு மயங்காதவாறு ஜி.டி. நெல்லூராய் நிற்கிறது. ஸ்ரீரங்கராஜபுரம் எஸ்.ஆர். புரம், வெங்கடகிரிக் கோட்டை வி. கோட்டா. இவை பேச்சோடு நில்லாது அரசு ஏடுகளிலும் ஏறிவிட்டன.

திருப்பதியிலோ, முத்தியால ரெட்டிப் பள்ளி எம்.ஆர். பள்ளி ஆனது, கபில தீர்த்தச் சாலை கே.டி. ரோடு ஆனது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தேவஸ்தானம் டி.டி.டி. என்றே வழங்கும். 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் எஸ்.வி.யூ. ஏழுமலையானையே ஈரெழுத்தில் அடக்கிய ஊர் அது!

இச்சுருக்கத்தில் ஒரு நன்மையையும் நாங்கள் கண்டோம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டது. சித்தூரும் திருப்பதியும் மீளவில்லை. அதன்பின் ஓர் ஊரின் பெயரை உச்சரிக்கும் விதமே, சொல்பவர் எந்த மொழியார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். தமிழர் பள்ளி என்பதைத் தெலுங்கர் பல்லெ என்பர். கபில தீர்த்தத்தை ஆழ்வார் தீர்த்தம் என்னும் வைணவப் பெரியோரும் உண்டு. ஆனால் கே.டி. ரோடு என்றால் அனைவர் நாவிலும் ஒன்றே. தமிழும் அல்லாத, தெலுங்கும் அல்லாத அவ்வெழுத்துகள் பகைமையற்ற பொதுநிலமாயின. கடைத்தெருவிலும் பேருந்திலும் அவற்றைச் சொல்லி அண்டை வீட்டாரோடு இணக்கமாய் வாழ்ந்தோம்.

ஆயினும் இழப்பும் இல்லாமலில்லை. சித்தூரின் கட்டமஞ்சியிற் பிறந்து, 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியாரை உலகம் சி.ஆர். ரெட்டி என்றே அறியும். ஆங்கில எழுத்துக்கூட்டலால் ககரம் சி என்றாகிவிட்டது. அந்த ஓரெழுத்தைக் கொண்டு கட்டமஞ்சிக்கு வழி கண்டுபிடிப்பது எவர்க்கு எளிது?

ஊரில் இருப்போர்க்கு இக்கவலை இல்லை. எழுத்து மறைத்ததை இடம் காட்டிவிடும். கே.டி. ரோட்டில் நடந்தால், மலையினின்று வீழும் அருவியும் கபிலேசுவரர் கோயிலும் தாமே எதிர்ப்படும். தொலைவில் வளரும் நம் குழந்தைகளுக்கோ அருவி இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. நாம் இருவர் பேசிக்கொள்கையில் கே.டி. என்றால் நம் நெஞ்சில் நீர் வீழும் ஓசை கேட்கிறது. அருகே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அவை வெறும் இரண்டு எழுத்துகளே.

சித்தூர் என்ற பெயரையே சிற்றூர் என்று விரித்துக் காட்டினாலன்றி, அதிலுள்ள தமிழ் அவர்களுக்குப் புலப்படுமா? எனவே சுருக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை. அது நம் உறவின் மொழி. பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் அதனை ஒருமுறை விரித்துச் சொல்வோம். முழுப்பெயரைப் பெற்றவர்க்கே அதனைச் சுருக்கும் உரிமையும் உண்டு.