சங்கும் நாமும்

கடற்கரையில் வாழ்வோர்க்கு மட்டுமே கடல் சொந்தம் என்று எண்ணுவது பிழை. திருநாவலூரிலிருந்து கடலைக் காண இயலாது. இடையே எத்தனையோ வயல்களும் ஏரிகளும் கிடக்கின்றன. ஆயினும் அவ்வூர் ஆலயத்திலே பூஜை வேளையில் சங்கு முழங்கக் கேட்டபோது, கடலே ஊருக்குள் வந்து பேசுவதாக நமக்குத் தோன்றிற்று. அவ்வூரிற் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனாரும், கோடிக்கரையில் கடற்காற்றினிடையே தனித்திருக்கும் இறைவனைக் கண்டு இரங்கிப் பாடியவர் அல்லவா?

நம் வீடுகளில் குழந்தைக்குப் பால் புகட்டியது சங்கு. இறுதி யாத்திரையில் ஒலித்ததும் சங்கு. இடைப்பட்ட வாழ்விலே மங்கையர் கைகளை அலங்கரித்ததும் சங்குதான். பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையில் சங்கறுத்து வளை செய்தார்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் அங்கே அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டார். 1914-ல் சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள கொடுமணலிலும் அகழ்வாய்வில் சங்கு வளைகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே, சங்கு உள்நாட்டாருக்கும் உரிய செல்வமே.

இன்றைய நிலை என்ன? கடலும் கொற்கையை விட்டு விலகிப் போயிற்று. தொழிலும் விலகிப் போயிற்று. மன்னார் வளைகுடாவில் நம்மவர் மூழ்கி எடுக்கும் சங்கு வங்காளத்துக்குச் செல்கிறது. அங்கே கைவினைஞர் அதை அறுத்து, இழைத்து, சித்திரம் செதுக்கி வளையாக்குகின்றனர். மணமான பெண்கள் அதனை மங்கலச் சின்னமாக அணிகின்றனர். வங்கச் சகோதரர்கள் காத்த கலையை மனமாரப் போற்றுகிறோம். ஆனால், பொருளைக் கொடுத்த நாம் கலையைக் கைவிட்டோமே என்று வருந்தாதிருக்க முடியவில்லை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. சங்கு என்பது வெறும் ஓடன்று. கடலடி மணலில் புழுக்களைத் தின்று வாழும் ஓர் உயிரின் இல்லம். சங்கு குளிப்பு சர்க்கார் ஏகபோகமாக இருந்த காலத்தில், குறித்த அளவுக்குச் சிறியவற்றைத் திரும்பக் கடலிலே விட்டுவிடுவது விதி. 1986-ல் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உயிர் அழிந்தபின் மரபைக் காப்பது எங்ஙனம்?

சர்க்கார் செய்வன இருக்கட்டும். நம் இல்லங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பரணிற் கிடக்கும் பாட்டியின் பாற்சங்கை இறக்கித் துடைத்து வையுங்கள். அது எந்தக் கடலில் வளர்ந்தது, யார் மூழ்கி எடுத்தார்கள் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஊர்க் கோயிலில் சங்கூதும் முதியவரிடம் ஓர் இளைஞனேனும் அதைப் பயிலட்டும். மூச்சுள்ளவர் இருக்கும்வரை சங்கு ஊமையாக வேண்டியதில்லை.