மலையில்லாத ஊரின் காட்சிமுனை

மன்னார்த் தீவில் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தீவின் மேற்கு முடிவில் ஊருமலை எனப் பெயர் பெற்ற முனையொன்று உண்டு. பெயரை நம்பி அங்கு மலையைத் தேடிச் செல்வோர் மணலையே காண்பர். தென்கரையில், மன்னார் நகருக்கு அண்மையில் அமைந்த மீனவர் ஊர் தாழ்வுபாடு. கரைவலை இழுப்பதற்கென வகுத்துக்கொண்ட கரைத்துண்டைப் 'பாடு' என வழங்குதல் மீனவர் மரபு. பெயரிலேயே தாழ்வைத் தாங்கிய இவ்வூரின் இளைஞன் ஒருவன், பேராதனையிலே தன்னோடு பயிலும் தோழர் நால்வரைக் காட்சிமுனை காண வருமாறு அழைத்தபோது அவர்கள் சிரித்தமை விந்தையன்று.

அவர்கள் முந்திய ஆண்டில் ஹோட்டன் சமவெளிக்குச் சென்று வந்தவர்கள். கடல்மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேல் அமைந்து, 1988ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக விளங்கும் அச்சமவெளியின் விளிம்பில், 'உலக முடிவு' என்ற இடத்தில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. காலை ஒன்பது மணி கடந்தால் மூடுபனி வந்து யாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், நள்ளிரவிலே புறப்பட்டு, விடியலில் ஒன்பது கிலோமீற்றர்ச் சுற்றுப்பாதையில் கால் வைத்து, குளிரில் நடுங்கியவாறு அவ்விளிம்பில் நின்று அவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். எங்கு எவ்வளவு நேரம் நிற்பது, எங்கு உண்பது, எப்போது திரும்புவது என்றெல்லாம் அன்று திட்டமிட்டவள் ஹற்றனைச் சேர்ந்த மாணவி. அத்திட்டம் ஒரு சிறு பிழையுமின்றி நிறைவேறியது. அடுத்த பயணம் தன் ஊருக்கே என்று தாழ்வுபாட்டு இளைஞன் வாக்களித்தது அந்த விளிம்பில் நின்றுதான். உயரத்தில் நிற்பவன் வாக்குகளை எளிதாக வழங்கிவிடுகிறான்.

எனினும் அவனது அழைப்பு வெறும் பெருமைப் பேச்சன்று. இராமர் அணை எனவும் ஆதாம் பாலம் எனவும் வழங்கும் மணல்திட்டுத் தொடர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியை நோக்கிச் செல்கிறது. அதன் இலங்கைப் பகுதியும் அதனைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலுமாக ஏறத்தாழ 19,000 ஹெக்டேயர் பரப்பு 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆகவே தேசிய பூங்கா உண்டு. நடப்பதற்குக் கரை உண்டு. பார்ப்பதற்குக் கடலும் திட்டுகளும் உண்டு. இல்லாதது உயரம் ஒன்றே.

அந்தக் குறை எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்து நண்பன் கணக்கிட்டு எழுதியனுப்பினான். அவன் பௌதிகவியல் மாணவன். உலக முடிவில் நிற்பவனின் தொடுவானம் 150 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. ஊருமலைக் கரையில் நிற்பவனுக்கோ நான்கரைக் கிலோமீற்றர்தான். தனுஷ்கோடி அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். "எனவே நாங்கள் நாள் முழுவதும் நடந்து சென்று பார்க்கப் போவது ஒன்றுமில்லாததைத்தான்" என்று அவன் முடித்திருந்தான். கணக்கிலே பிழையில்லை.

2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இளைஞன் தன் முதல் திட்டத்தை ஒரு கொப்பித் தாளில் வரைந்தான். ஆவணி விடுமுறை, உறவினர் ஒருவரின் படகில் மூன்றாவது திட்டுவரை சென்று இறங்குதல், அங்கு மதிய உணவு, மாலையிலே திரும்புதல். அத்தாளைத் தந்தையிடம் காட்டினான். அறுபதைக் கடந்துவிட்ட அவர் இப்போது வலை பொத்துவதோடு சரி, கடலுக்குப் போவதில்லை. தாளை வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆவணியிலை சோளகம் எண்டது உனக்குத் தெரியாதோ?"

மலைநாட்டில் ஒரு நாளின் மணிகளை எண்ணித் திட்டமிட்டாற் போதும். மன்னாரிலே ஆண்டின் காற்றுகளையும் எண்ண வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம் வீசுகையில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இந்நிலை தலைகீழாகும். தென்கரையில் வாழ்வோர் வலையையும் வாடியையும் வடகரைக்கு மாற்றிக்கொள்வதும் பின் திரும்பி வருவதும் இந்த ஒழுங்கினால்தான். சோளகத்தில் கரை வழியே நடப்பவன் கண்ணைத் திறக்க முடியாது. கால்களில் மணல் ஊசியெனக் குத்தும். அன்றியும், அக்காலமே ஆலாக்கள் திட்டுகளில் முட்டையிடும் காலம். ஆலா கூடு கட்டுவதில்லை. மணலிலே சிறு குழியொன்று தோண்டி அதில் இடும். முட்டையின் நிறம் மணலும் சிப்பியும் கலந்தது போன்றிருக்கும். மிதித்த பின்னரே மிதித்தது தெரியும். தாய்ப்பறவை அஞ்சி எழுந்து சிறிது நேரம் வட்டமிட்டாலே வெயில் முட்டையைக் கெடுத்துவிடும். அனுமதியின்றி அங்கு இறங்குதல் சட்டத்துக்கும் ஆகாது. தந்தை சட்டத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. "அதுகளின்ரை வீட்டுக்குள்ளை போய்ச் சோறு தின்னப் போறியளோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணி கைவிடப்பட்டது. வாடையின் கடுமை தணிந்து, கச்சானின் வெம்மை தொடங்குமுன் உள்ள சிறு இடைவெளியே நடைக்கு உகந்தது எனத் தந்தையும் மகனும் பேசி முடித்தனர். அதாவது மாசி மாதம். அக்காலத்தில் பூநாரைகளும் இருக்கும். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியை அடுத்த வங்காலைச் சரணாலயம், 2010ஆம் ஆண்டு முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஊருக்குள் வரும் வழியிலேயே அமைந்த இக்காட்சியைத் திட்டத்தில் முதலாவதாக எழுதிக்கொள்வதில் எவருக்கும் சிரமமிருக்கவில்லை.

இரண்டாவது காட்சியாகக் காற்றாலைகளை எழுதலாமா என்பதில் சிறிது விவாதம் எழுந்தது. தீவின் தென்கரை நெடுக நிற்கும் முப்பது காற்றாலைகள் 2020ஆம் ஆண்டின் இறுதியிலே இயங்கத் தொடங்கியவை. மொத்தத் திறன் 103.5 மெகாவாற்று. மலையில்லாத ஊரில் உயர்ந்து நிற்பவை அவையே. வலசை வரும் பறவைகளின் வழியில் அவை நிற்பது பற்றியும் கரைவலைத் தொழிலுக்கு நேர்ந்த இடர்கள் பற்றியும் ஊரிலே முறைப்பாடுகள் உண்டு. ஆயினும் கடலிலிருந்து கரையைக் கணிப்பதற்கு இன்று பலருக்கு அவை உதவுகின்றன என்பதையும் தந்தை ஒப்புக்கொண்டார். "போற வழியிலை தானாத் தெரியும். அதுக்கெண்டு நிக்கத் தேவையில்லை" என்ற தீர்ப்போடு அவ்விடயம் முடிந்தது. நல்ல தீர்ப்பு எனலாம். பார்க்க வேண்டியவற்றையும் கண்ணிற் படுபவற்றையும் வேறுபடுத்தத் தெரியாமையால் கெட்டுப்போன பயணங்கள் பல.

மூன்றாவது காட்சியை வேண்டியவள் ஹற்றன் மாணவி. தலைமன்னார் இறங்குதுறையில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். 1914ஆம் ஆண்டில் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற்சேவை தொடங்கியபின், தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்டோர் கால் வைத்த மண் அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பலேறியதும் அங்கிருந்துதான். அவர்களை மலைநாட்டிலிருந்து சுமந்து வந்த புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்டனர். மாணவியின் பாட்டியாருடைய தமக்கை அக்கோச்சியில் சென்றவர். உலக முடிவிலே பத்து நிமிடங்களுக்கு மேல் ஓரிடத்தில் நிற்க எவரையும் விடாத அவள், இங்கு ஒரு மணி நேரம் கேட்டாள். தந்தை தாளில் ஒன்றை அடித்து ஒன்றரை என்று எழுதினார்.

அதன் பின் திட்டம் விரைவாகவே உருப்பெற்றது. அதிகாலை நான்கரைக்குத் தாழ்வுபாட்டிலிருந்து புறப்பாடு; மன்னார் நகரில் பஸ் ஏறிப் பேசாலை வழியாகத் தலைமன்னார்; விடியும்போது இறங்குதுறையும் வெளிச்சவீடும்; வெயில் ஏறுமுன் ஊருமலை நோக்கிக் கரை வழியே நடை. மணலில் ஒரு மைல் தார் வீதியில் இரண்டு மைலுக்குச் சமம் என்பதால் நேரத்தை இருமடங்காக வைத்துக்கொண்டார்கள். கடற்படையினரின் காவல் உள்ள இடம். அடையாள அட்டையை எவரும் மறத்தலாகாது. ஈரமணலின் விளிம்பிலே நடத்தல் வேண்டும். காய்ந்த மணலில் கால் புதையும். பாணும் மீன்சம்பலும் பகலுக்கு. அவித்த பனங்கிழங்கு வழிக்கு. இவற்றைத் தாய் ஏற்றுக்கொண்டார். படகு என்ற சொல் மட்டும் தாளில் எஞ்சியிருந்தது. ஆலாக்கள் இல்லாத மாசியில், முறைப்படி அனுமதி பெற்று முதல் திட்டுக்கேனும் போனாலென்ன என்று மகன் கேட்டான். தந்தை மறுமொழி கூறாமல் அச்சொல்லைக் கோடிட்டு நீக்கினார். ஊரின் முதியோர் அத்திட்டுகளைத் 'தீடை' என்பர். அச்சொல்லைத் தன் தந்தை உச்சரித்து மகன் கேட்டதேயில்லை. அதை அவன் அதுவரை கவனித்ததுமில்லை.

தண்ணீர்க் கணக்கு வந்தபோது மகன் ஆளுக்கு ஒரு லீற்றர் என்று எழுதியிருந்தான். ஹோட்டன் சமவெளியில் அது போதுமாயிருந்தது.

"மூண்டு வை, மகன்."

அது தூக்கிச் சுமக்க முடியாத பாரம் என்றான் மகன். அரைநாள் நடைக்கு எதற்கு மூன்று லீற்றர் என்றும் கேட்டான். தந்தை வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். கேட்காமலே முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்த கேள்விக்கு விடை, தண்ணீர்க் கணக்கின் வழியாக வந்தது.

1990ஆம் ஆண்டு. போர் மீண்டும் மூண்ட அந்தக் கோடையிலும் அதன் பின்னும் மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகுகளில் இராமேசுவரக் கரையை நோக்கிச் சென்றனர். ஓரிரவு தந்தையும் தாயும் இரண்டு வயது நிரம்பாத மூத்த மகளுமாகப் பதினொருவர் ஒரு படகில் ஏறினர். நடுச்சாமம் கடந்து படகு மணலைத் தட்டியது. மேற்கே வெளிச்சம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. இந்தியா வந்துவிட்டது, இறங்கி நடந்து போங்கள் என்று படகோட்டி கூறித் திரும்பிவிட்டான். நடந்தார்கள். நடக்க நடக்க நீர் வந்தது. வேறு திசையிற் சென்றாலும் நீரே வந்தது. விடிந்தபோது அவர்கள் நின்றது தீடையொன்றின் மேல். நாற்புறமும் தொடுவானம். பதினொருவருக்கும் ஒரு கான் தண்ணீர். நிழல் என்பது ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததே. குழந்தையைத் தம் நிழலிலே கிடத்தி, வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்து, பகல் முழுவதும் தந்தை நின்றார். அந்தக் கடலில் நீர் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆயினும் ஒரு முழம் ஏறினாலே தீடையின் உருவம் மாறிவிடும். மாலையில் அவர்கள் நின்ற இடம் காலையிலிருந்ததிற் பாதி. மறுநாள் மாலையிலே அவ்வழி வந்த தமிழ்நாட்டு மீனவர் படகொன்று அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. அதன் பின் மண்டபம் முகாம்; அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஊர் திரும்பினர். மகன் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இவ்வளவையும் அவர் கூறியது பயணக் குறிப்புகளைக் கூறும் அதே குரலில்தான். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு அடிக்கும், ஈரத்துணியை எங்கு கட்டினால் நல்லது, தாகமெடுக்குமுன் ஒவ்வொரு மிடறாகக் குடிப்பது எப்படி என்பனவெல்லாம் அதனுள் கலந்திருந்தன. 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடியினால் கடல் கடந்தோரும் இவ்வாறே தீடையிற் கைவிடப்பட்டார்கள் என்ற செய்தியை வாசித்த அன்று அவர் இரவு உணவு கொள்ளவில்லை என்பதைத் தாய் இடையிலே கூறினார். அன்று வயிற்றுவலி என்று சொல்லியிருந்தார்.

யாழ்ப்பாணத்து நண்பனின் நான்கரைக் கிலோமீற்றர்க் கணக்கை மகன் அப்போது எடுத்துச் சொன்னான். கரையில் நின்றால் அக்கரை தெரியாதாமே என்றான்.

"பகலிலை தெரியாது" என்றார் தந்தை. "இரவிலை இப்ப இராமேசுவரத்து ரீவீக் கோபுரத்தின்ரை சிவப்பு விளக்குத் தெரியும் எண்டு சொல்லுவினம். அது கட்டினது தொண்ணூற்றைஞ்சிலை. எங்களுக்கு அது இருக்கேல்லை."

பின்னர் அவர் பேனையை வாங்கித் தாளின் இறுதிப் பகுதியைத் தாமே எழுதினார். ஊருமலையில் எங்கு நின்றால் முதல் தீடை தெளிவாகத் தெரியும் என்று கரையைக் கோடாக வரைந்து ஒரு புள்ளி இட்டார். அங்கு எவ்வளவு நேரம் நிற்பது என்ற கட்டத்தில் எண் எதனையும் எழுதவில்லை. தண்ணீருக்குரிய வரியில் 'ஆளுக்கு 3 லீற்றர், மொத்தம் 18' என்று குறித்துத் தாளை மகனிடம் நீட்டிவிட்டு, வலையை மீண்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மகன் மனத்துள் பெருக்கிப் பார்த்தான். ஐந்து பேருக்குப் பதினைந்து. இன்னொரு முறையும் பெருக்கிப் பார்த்தான். பிறகு தாளின் தலைப்பிலிருந்த ஐந்தை அடித்து ஆறு என்று திருத்தினான்.