செவ்வாப்பேட்டைக் கூடை

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால், பட்டணத்தில் வசதி படைத்தவர்கள் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டுவது வழக்கம். நாம் இந்த வருஷம் வைகாசி பிறந்த கையோடு, வெயிலைத் தேடிக்கொண்டு செவ்வாப்பேட்டைக்குப் பிரயாணம் செய்தோம். சேலத்து நேயர்கள் தங்கள் ஊர்ச் செவ்வாப்பேட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் சொல்வது திருவள்ளூர் ஜில்லாவில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே உள்ள சிறிய ரயில் நிலையத்தை.

அங்கே அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். அங்கே ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது. அதன் விளைச்சலில் நமக்கும் நம் தெருவில் வேறு சில குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. பருவத்தின் தொடக்கத்திலேயே பணத்தைக் கொடுத்துவிட வேண்டியது. பிறகு வாரம் ஒரு முறை, தோட்டம் எதைக் கொடுக்கிறதோ அதைக் கூடையில் வாங்கிக்கொள்ள வேண்டியது. உடன்படிக்கை இவ்வளவுதான்.

சென்டிரலில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். பாதையோ மிகப் பழைமையானது. 1856-ம் வருஷம் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி இந்த வழியாகத்தான் சென்றது. ஆவடி தாண்டியதும் திருநின்றவூர் வருகிறது. கையில் பொருள் இல்லாமல், மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் அது. இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் மனத்துக்குள் கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ரயில் பாதையின் இரு பக்கமும் கல் நட்டு, வர்ணம் அடித்து, மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பட்டணத்தில் உட்கார்ந்தபடியே அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மனைகளில் மட்டும் வேலிகாத்தான் வளர்கிறது.

அந்த மனைகளுக்கு நடுவிலும் சில பச்சைத் துண்டுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. நமது தோட்டம் அவற்றில் ஒன்று. வரப்பில் நான்கைந்து பனைமரங்கள், ஒரு கிணறு, மோட்டார் அறை, அதன் அருகில் ஒரு வேப்பமரம். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் பாத்தியில் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரில் காலை வைத்த கணத்தில், உதகமண்டலம் போனவர்களிடம் நமக்குப் பொறாமை சிறிதும் இல்லாமல் போயிற்று.

கோடையில் பூமி என்ன கொடுக்கும் என்று அலட்சியமாக நினைப்பவர்கள் அன்று நாம் கொண்டுவந்த கூடையைப் பார்த்திருக்க வேண்டும். அடியில் கத்தரிக்காய், கிளிமூக்கு மாங்காய். அதற்கு மேல் வெண்டை, கொத்தவரை, பாகல். ஓரத்தில் செருகிய முருங்கைக்காய். ஈரத்துணியில் சுற்றிய முளைக்கீரையும் தண்டுக்கீரையும். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளரிப்பிஞ்சு. வரப்பிலிருந்த மரத்து நுங்கு தனியாக ஓலைப் பொட்டலத்தில் வந்தது. வெள்ளரிப்பிஞ்சுக்கு உப்பும் மிளகாய்த் தூளும் தேடப் பொறுமையில்லாமல் ரயிலிலேயே பாதி தீர்ந்துவிட்டது. காலையில் பறித்த கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் மாங்காயோடு சேர்த்து மத்தியானம் வைத்த குழம்பைப் பற்றி எழுதுவதற்கு நமக்குச் சக்தி போதாது. காய்கறிக்கு வாசனை உண்டு என்பதையே நம் வீட்டுக் குழந்தைகள் அன்றுதான் கண்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் வீட்டுப் பெண்மணிகள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். தொடர்ந்து மூன்று வாரம் கொத்தவரங்காயே வந்தால் என்ன செய்வது? இதற்கு விடையைப் பாட்டிமார்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கொத்தவரை வற்றல், கத்தரி வற்றல், மோர் மிளகாய் எல்லாம் மிஞ்சியதை ஐப்பசி அடைமழைக்குச் சேமித்து வைக்கும் வித்தைகள்தானே! கத்திரி வெயில் காயும் மொட்டைமாடி இருக்கும்போது காய் மிஞ்சிற்று என்று கவலைப்படுவானேன்?

விளைச்சலுக்கு முன்பணம் கொடுக்கும் முறையை ஒரு புது நாகரிகமென்று சிலர் நினைக்கலாம். ஜப்பானில் 1971-ம் வருஷம் இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றிய நாளிலிருந்து, பூச்சி மருந்துக்கு அஞ்சிய குடும்பங்கள் விவசாயிகளோடு நேரே கைகோத்துக்கொண்டன. அதற்குத் 'தெய்கெய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986-ம் வருஷம் இரண்டு பண்ணைகளில் இத்தகைய பங்குமுறை ஆரம்பமாயிற்று. நமக்கு அருகில் ஆரோவில்லில் 'சாலிட்யூட்' பண்ணை இவ்விதம் வாரக்கூடை கொடுத்துப் பெயர் பெற்றது. குடும்பங்கள் கூடிக் காரியம் செய்வது பட்டணத்துக்கும் புதிதல்ல. திருவல்லிக்கேணியில் நடுத்தரக் குடும்பத்தினர் 1904-லேயே கூட்டுறவுப் பண்டகசாலை நிறுவியவர்கள் அல்லவா?

ஆயினும் கடையில் வாங்குவதற்கும் பங்கு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோட்டக்காரப் பெரியவர் நமக்கு நாலு வார்த்தையில் விளக்கிவிட்டார்.

"நெறைய காய்ச்சா விலை இல்ல, விலை இருக்கிறப்போ காய்ப்பு இல்ல. ரெண்டுலயும் நஷ்டம் என் தலையிலதான் ஐயா. இப்போ கொஞ்சம் உங்க தலையிலயும் வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவர் நம்மைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். தண்ணீர் வெகு ஆழத்தில் மின்னியது. சென்ற மாதம் இரண்டு மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறதாம். "அடுத்த வாரம் கூடை பாதிதான் இருக்கும்; கோவிச்சுக்காதீங்க" என்றார்.

கிணறு வற்றுவதில் பட்டணவாசிகளாகிய நமக்கும் சம்பந்தம் உண்டு. இந்த ஜில்லாவின் தண்ணீரைக் குடித்துத்தான் சென்னை வளர்ந்தது. நகரத்தின் தாகம் தீர்க்கக் கொசஸ்தலையாற்றில் பூண்டி அணை வேண்டுமென்று மேயராக இருந்து பாடுபட்டவர் தேசபக்தர் சத்தியமூர்த்தி. 1944-ல் அணை முடிந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். அணையும் போதாமல், பின்னால் தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர்ப் பக்கங்களில் நிலத்தடி நீரையும் நகரம் இறைத்தது. விவசாயிகளிடம் பாசனக் கிணற்று நீரை விலைக்கும் வாங்கியது. அளவுக்கு மீறி இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது. 2019-ம் வருஷக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த வண்டியும் செவ்வாப்பேட்டையைக் கடந்துதான் போயிற்று.

பயிர் வைப்பதைவிடத் தண்ணீரை விற்பது லாபம், தண்ணீரை விற்பதைவிட மனையாக விற்பது லாபம் என்ற நிலைமையில் ஒரு விவசாயி கத்தரி நாற்று நடுகிறார் என்றால், யாரை நம்பி நடுகிறார்? கூடை நிறைந்து வந்த வாரங்களில் நாம் எல்லோரும் அவரைப் புகழ்ந்தோம். பாதிக் கூடை வரும் வாரத்தில்தான் நாம் பங்காளிகளா, வெறும் வாடிக்கைக்காரர்களா என்பது தெரியவரும்.

அவர் சொன்னபடியே அடுத்த வாரம் கூடை குறைந்துவிட்டது. கீரை இல்லை, வெண்டை கையளவு, முருங்கை மட்டும் தாராளம். நம் தெருவில் இரண்டு குடும்பத்தார், "அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டத்தான் வேண்டுமா?" என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கவும் கிணற்றில் தூர் எடுக்கவும் வேண்டிய பணம், ஆனி மாதத்துக்குள் பெரியவர் கையில் இருந்தாக வேண்டும். நம் பங்கை நாம் கட்டிவிட்டோம்.