இரண்டு எஞ்சின், ஒரு கியர்பொக்ஸ்

இலண்டன் ரெய்னர்ஸ் லேனில் குடியிருப்பவர்களுக்கு ஹெலிகொப்டர் ஓர் அபூர்வக் காட்சியன்று. பிக்கடிலி வண்டியும் மெற்றோபொலிற்றன் வண்டியும் சந்திக்கும் எங்கள் நிலையத்துக்கு மேற்கே சில மைல் தூரத்தில் நோர்த்தோல்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. அது 1915இல் திறக்கப்பட்டது, அதாவது பிரித்தானிய விமானப்படை என்ற ஸ்தாபனம் 1918இல் உருவாவதற்கு முன்பே பிறந்துவிட்டது. இலண்டன் வான்வழி அம்புலன்ஸின் சிவப்பு ஹெலிகொப்டர்கள் இராத்தங்குவது அங்கேதான். காலையில் அவை வைற்சப்பலிலுள்ள றோயல் இலண்டன் ஆஸ்பத்திரியின் கூரையை நோக்கிக் கிழக்கே போவதும், பகற்கடமை முடிந்து திரும்பி வருவதும், அலெக்சாண்ட்ரா அவெனியூவின் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு நித்திய நிகழ்ச்சிகளே; ஒருவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எங்கள் தலைமுறையினர் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் 1980களின் யுத்தத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு. வயலிலோ பள்ளிக்கூட முற்றத்திலோ நிற்கும்போது தூரத்தில் இறகுகள் காற்றை அடிக்கும் ஓசை எழுந்து, “ஹெலி வருகுது” என்று எவராவது கூவினால், முதியவர் முதல் குழந்தை வரை பதுங்குகுழிக்குள் இறங்கிய நாட்கள் அவை. அக்காலத்தில் என்னிடம் படித்த சிறுவரில் ஒருவர் இன்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கிறார். ஹெலிகொப்டர்களைப் பழுதுபார்த்துப் பறப்புக்கு விடுவதற்கான உரிமம் பெற்ற பொறியியலாளராக உத்தியோகம் பார்க்கிறார். எதைக் கண்டு ஓடினாரோ அதையே கழற்றிப் பூட்டும் வித்தையை அவர் விரும்பிக் கற்றார் என்று அறிந்த நாள் முதல், அவருடைய பணிமனையை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும் என்ற அவா எனக்குள் இருந்துவந்தது. நிர்வாகத்தாரின் அனுமதி கிடைத்ததும், போலந்து விமானிகளின் நினைவுச் சின்னத்தைக் கடந்து செல்லும் ஏ40 வீதி வழியாக, டென்ஹாமை அடுத்த சிறு விமானத்தளத்துக்கு அவர் என்னைத் தம் காரில் அழைத்துப் போனார்.

கொட்டகைக்குள் நின்றது ஏடபிள்யூ139 என்ற இரட்டை எஞ்சின் ஹெலிகொப்டர். இத்தாலியில் உருவாகி 2001ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த இவ்வகை இயந்திரம் சிறியதுமன்று, பாரப் பொருள்களைத் தூக்கும் பெரியதுமன்று. 6,400 கிலோ எடையுடன் கிளம்பக்கூடியது, பதினைந்து பேர் வரை ஏற்றக்கூடியது. கடலெண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோவதும், கரையோரப் பாதுகாப்பும், மலைகளில் மீட்புப்பணியும் இதற்கு உரிய தொழில்கள். மன்னர் குடும்பத்தின் பிரயாணத்துக்கு நெடுங்காலம் உழைத்த சிக்கோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகொப்டர்களின் ஸ்தானத்தை அண்மையில் ஏற்றதும் இவ்வகையே. நான் பார்த்தபோது அதன் மேற்புற மூடிகள் யாவும் திறந்து கிடந்தன. ஏணிமேடையில் ஏறிப் பார்த்தேன். வெளியே மெருகும் நளினமுமாகத் தோன்றுகிற அந்த உடலுக்குள் குழாய்களும் வடங்களும் தண்டுகளும் நெருக்கமாக ஓடின. ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு உராயாமல் பிடித்துவைக்க ஒரு பட்டையாவது இருந்தது.

இரண்டு எஞ்சின்கள் எதற்கு என்று கேட்டேன். வேகத்துக்கும் பலத்துக்கும் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

“இல்லை ஐயா. ஒண்டு நிண்டுபோனால் மற்றது எல்லாரையும் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும். அதுக்குத்தான்” என்றார்.

ஒவ்வொரு எஞ்சினும் 1,500 குதிரைச் சக்திக்கு மேற்பட்டது. சாதாரண பறப்பில் இரண்டும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றது தன் வழக்கமான எல்லையைக் கடந்து இரண்டரை நிமிஷ நேரத்துக்கு உழைக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டரை நிமிஷம் எங்கே வந்தாலும் விமானி தயாராக இருக்கவேண்டும் என்பதற்காகவே புறப்பாடு முழுவதும் வகுக்கப்பட்டுள்ளது. ஒடுங்கிய தளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகொப்டர் நேரே முன்னோக்கிப் பாயாமல் சிறிது பின்வாங்கியபடி மேலேறுவதை நீங்களும் கண்டிருக்கலாம். தளம் விமானியின் கண்ணுக்கு முன்னால் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். முன்கூட்டியே கணக்கிட்ட ஓர் உயரத்துக்குக் கீழே எஞ்சின் ஒன்று நின்றால் அதே தளத்தில் இறங்கிவிட வேண்டும்; அந்த உயரத்தைத் தாண்டியபின் நின்றால், இறங்க நினையாமல் எஞ்சிய ஒன்றைக் கொண்டே பறந்துபோய்விட வேண்டும். இன்றைய எடை, இன்றைய வெயில், இன்றைய காற்று ஆகியவற்றுக்கு ஏற்ப அந்தக் கணக்கு நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. இலண்டன் மாநகரின் மேல் ஒற்றை எஞ்சின் ஹெலிகொப்டர்கள், விதிக்கப்பட்ட பாதைகளில், பெரும்பாலும் தேம்ஸ் நதியைத் தொடர்ந்தே போகவேண்டும் என்ற கட்டுப்பாடும் இந்த நியாயத்திலிருந்து பிறந்ததுதான்.

எஞ்சினின் பெயர்த்தகட்டைத் துடைத்துக் காட்டினார். கனடாவில் பிராட் அண்ட் விட்னி கொம்பனி செய்த பிடி6 என்ற வம்சம் அது. 1960களில் தோன்றி இன்றுவரை உலகெங்கும் ஓடிக்கொண்டிருப்பது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வானில் வந்த பெல் 212 ஹெலிகொப்டரில் ஜோடியாகப் பூட்டியிருந்தவையும் இதே வம்சத்து எஞ்சின்கள்தாம் என்று அவர் சொன்னபோது நான் சற்று நேரம் பேசவில்லை. அந்த உலோகத்தின்மேல் கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. இயந்திரத்துக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை என்பது படித்த சங்கதிதான். ஆயினும், பெல் 212இல் ஏறியிருந்தவர்களும் எங்கோ ஒரு பொறியியலாளரின் கையொப்பத்தை நம்பியே வந்தார்கள் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. அதை இன்னும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

எஞ்சின் இரண்டு, ஆனால் அவை சக்தியைக் கொண்டுவந்து கொட்டுகிற பிரதான கியர்பொக்ஸ் ஒன்றே. நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் எஞ்சினின் வேகத்தை, ஏறத்தாழ 300 சுற்றாக இறக்கி, 13.8 மீற்றர் விட்டமுள்ள ஐந்து இறகு ரோட்டருக்கு ஊட்டுவது அதன் வேலை. அதற்கு மேலே ரோட்டர்த் தண்டு ஒன்று. பின்னே வால் ரோட்டர் ஒன்று. இவற்றுக்கு மாற்று இல்லை, வைக்கவும் முடியாது. ஹெலிகொப்டரின் அபாயம் எஞ்சினில் இருப்பதாகப் பொதுமக்கள் நினைக்கிறார்கள். தொழில் அறிந்தவர்களோ இந்த ஒற்றைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கியர்பொக்ஸின் அடிப்புறத்திலிருந்து ஒரு சிறு செருகியை அவர் கால்சுற்றுத் திருப்பி இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நுனி காந்தம். உள்ளே எண்ணெயோடு சுற்றிவரும் உருக்குத் துகள் எதுவாயினும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விமானியின் முன்னே எச்சரிக்கை விளக்கு எரியும். அன்று அதில் மெல்லிய கரிய பசை மட்டுமே இருந்தது. அது சாதாரண தேய்மானம். அரைத்த மிளகின் ஒரு பொடியளவு துண்டு இருந்திருந்தால், அதைத் துணியில் துடைத்து எறியாமல், உறையிலிட்டு, உருவத்தையும் அளவையும் நோக்கி, எந்த உலோகம், எந்தப் பற்சக்கரம், எந்தத் தாங்கி என்று ஆராய வேண்டும். 2009 ஏப்பிரல் 1ஆம் திகதி, வடகடலின் எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகொப்டர் ஒன்று ஸ்கொத்லாந்துக் கரைக்கு அப்பால் வீழ்ந்து பதினாறு பேரும் மாண்டனர்; கியர்பொக்ஸுக்குள் ஒரு சக்கரம் வெடித்து ரோட்டரே கழன்றுவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு காந்தச் செருகியில் ஒரு துகள் கண்டெடுக்கப்பட்டிருந்தது. கண்டெடுத்தும் அது சொன்ன செய்தி முழுமையாக வாசிக்கப்படவில்லை. இந்தச் சம்பவத்தை அவர் சொன்னபோது குரலைத் தாழ்த்தவில்லை, உணர்ச்சி காட்டவில்லை. பாடம் சொல்லும் தொனியில்தான் சொன்னார். செருகியைத் திரும்பப் பூட்டியபோது மட்டும், பூட்டியது சரிதானா என்று இருமுறை இழுத்துப் பார்த்தார்.

உறுப்பு இரண்டாக இருக்க முடியாத இடத்தில், பார்க்கும் கண்ணை இரண்டாக்குகிறார்கள். விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டுகளிலோ இத்தகைய ஜீவாதாரமான பாகங்களிலோ கை வைத்தால், வேலை செய்தவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட்டபின், அவ்வேலையில் சம்பந்தப்படாத தகுதிபெற்ற இன்னொருவர் தனியே வந்து, முதலாமவர் சொன்னதை நம்பாமல், தாமே தொட்டும் அசைத்தும் பார்த்து இரண்டாவது கையொப்பம் வைக்கவேண்டும். ஆத்ம நண்பராயினும் நம்பக்கூடாது என்பதே அங்கே மரியாதை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதிதாக வந்தவரும் இவ்விஷயத்தில் சமம். அனுபவசாலியின் கைதான் பழக்கத்தினால் அதிகம் தவறக்கூடியது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். நான் கண்ட தொழில்களில் இவ்வளவு வெளிப்படையாகச் சந்தேகத்தை ஓர் ஒழுக்கமாக வளர்த்த தொழில் வேறில்லை. ஆசிரியத் தொழிலில் இதில் ஒரு பங்காவது இருந்திருக்கலாம்.

கருவிப் பெட்டியும் அப்படியே. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்துக்கேற்ப ஸ்பொஞ்சில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. மாலையில் ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி அகப்படும்வரை ஹெலிகொப்டர் வெளியே போகாது.

பராமரிப்பின் இன்னொரு பாதி அதிர்வைப் பற்றியது. ஐந்து இறகுகளும் ஒரே தளத்தில் ஓடவேண்டும். ஒன்று விரலளவு உயர்ந்தாலும் முழு உடலும் நடுங்கும், நடுங்கினால் எல்லா உறுப்புகளும் களைத்துப்போகும். முற்காலத்தில் இறகு நுனிகளுக்கு வெவ்வேறு நிற மெழுகு பூசி, சுழலும் வட்டத்தின் விளிம்புக்கு நீண்ட கம்பில் கட்டிய துணியை மெல்ல நீட்டுவார்களாம். துணியில் விழுந்த நிறக்கோடுகளைக் கொண்டு எந்த இறகு உயர்ந்து ஓடுகிறது என்று அறிவார்கள். துணியை நீட்டுகிறவர் எத்தகைய நெஞ்சுரம் படைத்தவராயிருக்க வேண்டும்! இப்போது உடலெங்கும் பொருத்திய நுண்கருவிகள் பறப்பு முழுவதும் அதிர்வைப் பதிந்துவைக்கின்றன; வடகடல் ஹெலிகொப்டர்களில் 1990களின் தொடக்கத்தில் புகுந்த ஏற்பாடு இது. ஆனால் வரைகோட்டைப் பார்த்து, இந்த இறகின் தண்டை ஒரு திருகு நீட்டுவதா, அந்த இறகின் வேரில் சில கிராம் பாரம் கூட்டுவதா என்று தீர்மானிப்பது இன்றும் மனிதனின் விவேகமே.

எவ்வளவு நேர்த்தியாகப் பராமரித்தாலும், ஆசனத்தில் இருப்பவரின் ஜாக்கிரதை தளர்ந்தால் இரண்டு எஞ்சினும் ஒன்றுபோல் பிரயோசனமற்றுப் போகலாம். 2013 நவம்பர் 29ஆம் திகதி இரவு கிளாஸ்கோவில் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று மதுக்கடைக் கூரையில் வீழ்ந்து, உள்ளே இருந்தவரும் கீழே இருந்தவருமாகப் பத்துப்பேர் இறந்தனர். பிரதான தாங்கியில் எரிபொருள் இருந்தது. அதை எஞ்சின்களின் சிறு தாங்கிகளுக்கு அனுப்பும் பம்புகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் ஓய்ந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்முறை விமானிகள் சோதிக்கப்படுவதும், எஞ்சின் நிற்பதை ஒத்திகை பார்ப்பதும் வெறும் சடங்கல்ல என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டாம்.

ஓர் இராக்கையில் சிவப்புச் சீட்டுக் கட்டிய உறுப்புகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. என் கண்ணுக்கு அவை புத்தம்புதியனவாகவே தோன்றின. ஆயினும் விதித்த பறப்பு மணிகள் முடிந்துவிட்டமையால் இனி அவை எந்த ஹெலிகொப்டரிலும் ஏறா. திரும்ப உபயோகிக்க முடியாதபடி அறுக்கப்படும். நல்ல பொருளை அறுப்பதற்கு மனம் வருமா என்று கேட்டேன். “நல்லாய் இருக்கேக்கைதான் ஐயா கழட்டவேணும்” என்றார்.

இந்தத் தொழிலுக்குள் எவ்வாறு வருவது என்று எங்கள் பெற்றோர் கேட்பதில்லை; வைத்தியமும் கணக்கியலும் அவர்களுக்குப் போதும். ஆகையால் நான் கேட்டு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைகள் பல எழுதவேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுப்படிப்பு முடித்தவருக்கு இரண்டு ஆண்டும், நேரே தொழிலுக்கு வந்தவருக்கு ஐந்து ஆண்டும் நடைமுறை அனுபவம் வேண்டும். அதன்பின் கிடைக்கும் உரிமத்தில் ஹெலிகொப்டரின் வகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி பெற்றுப் பெயர் சேர்க்க வேண்டும். கையெழுத்திடும் அதிகாரம் அப்போதுதான் வரும். பதினெட்டு வயதில் தொழில்பயில வந்து, சம்பளத்தோடு கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்தக் கொட்டகையில் இருந்தார்கள்.

அவர்களுள் ஹரோவில் பிறந்த குஜராத்திப் பெண்ணொருத்தி, திருகாணிகளின் தலைத் துளைகளில் பூட்டுக்கம்பி கோத்துக்கொண்டிருந்தாள். அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. கம்பி இழுக்கும் திசை ஆணியை இறுக்கும் திசையாகவே இருக்க வேண்டும். என் பழைய மாணவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். முறுக்கு அழகாகத்தான் இருந்தது. கடைசி ஆணியில் மட்டும் கம்பி மறுபுறமாகச் சுற்றிவந்து, இழுத்தால் தளர்த்தும் திசையில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, விரலால் காட்டினார். அவள் கம்பியை வெட்டி, துண்டுகளை எண்ணித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, புதுக்கம்பி எடுத்து முதலாவது ஆணியிலிருந்து மறுபடி தொடங்கினாள். முடிந்ததும் அவர் மீண்டும் பார்த்து முதற் கையொப்பத்தை வைத்தார். இரண்டாவது கையொப்பத்துக்கு உரியவர் மதிய போசனத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து பார்க்கும்வரை மூடியைப் பூட்டக்கூடாது என்பதால், நாங்களும் தேநீர் குடிக்கப் போனோம்.