கவ்வாத்து

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் சாலையில், அக்குறணைக்கு அப்பால் இருக்கிறது அலவத்துகொட. அதை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன் நான். என் தந்தை கவ்வாத்துக்காரர்.

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடியை, அது இலையுதிர்த்து உறங்கும் பனிக்காலத்திலே நறுக்குவார்கள். எங்கள் தேயிலைக்கு அத்தகைய உறக்கம் இல்லை. விழித்திருக்கும்போதே அதன்மீது கத்தி விழுகிறது. இலையிழந்த செடி, வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டே மீண்டும் துளிர்க்க வேண்டும். ஆகவே மண்ணில் ஈரமும் வேரில் வலுவும் இருக்கும் காலம் பார்த்தே வெட்ட வேண்டும். இளங்கன்றாயின் கவனம் இன்னும் கூடுதல். நடுத்தண்டைத் தாழ்வாக, சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டினால்தான் பக்கக் கிளைகள் பரந்து விரியும்.

1976ஆம் ஆண்டு, மாசி வெயில். பத்து வயதுச் சிறுவனான நான் தந்தைக்குத் தேநீர் கொண்டு சென்றேன். வாடிய கன்று ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெட்டாமலே அவர் நகர்ந்தார்.

"ஏம்ப்பா விட்டுட்டீங்க?"

"வேருல சீவன் பத்தாது மகன். இப்ப வெட்டுனா செத்துப்போகும்."

குறித்த எண்ணிக்கை நிறையவில்லையென்று அன்று அவருக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். இரவில் அம்மா ஒற்றை ரொட்டியை நான்காகப் பிய்த்தார்.

பின்னர் நான் ஆசிரியனானேன். தேயிலை வேர்த்துண்டில் அயடீன் துளியை விட்டு மாணவர்களுக்குக் காட்டினேன். அப்பா சொன்ன சீவன் கருநீலமாய்த் தெரிந்தது.

எண்ணிக்கைக்காக வெட்டும் வழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். எந்த வேர் எந்த மண்ணில் இருக்கிறதென்று எவரும் தொட்டுப் பார்க்கவில்லை. என் சித்தப்பா தலைமன்னாரில் கப்பலேறினார், அப்பா தங்கிவிட்டார். ஒரே லயத்தில் பிறந்த இருவர் அவர்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அப்பாவுக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. கத்தி பிடிக்கவியலாத முதுமை அப்போது. நடுங்கும் விரலால் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார்.

"முன்னமே குடுத்திருந்தா, ஒன் சித்தப்பனும் இங்கதான் இருந்திருப்பான்" என்றார்.