நினைவகக் கணக்கு

திருநகர், மதுரை. வைகாசி 4

2011-இல் தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மருமகன் பெற்று, பின்பு கவனிப்பாரற்று அலமாரியில் கிடந்த இரண்டு ஜி.பி. நினைவகமுள்ள கணினியை இன்று மேஜைக்குக் கொண்டுவந்தோம். அதிலிருந்த பாஸ் லினக்ஸை, சென்னை சிடாக் நிலையத்தார் உருவாக்கியதை, நீக்கிப் புதிய டெபியனை நிறுவி, ‘ஃப்ரீ’ கட்டளையை இட்டபோது, காலியிடம் நூறு எம்.பி.கூட இல்லை என்று கண்ட மருமகன், இவ்வியந்திரம் இனிப் பிரயோஜனப்படாது என்று தீர்ப்பளித்தான்.

வைகாசி 6

ஒருமுறை வாசித்த கோப்புகளை, மறுமுறை கேட்டால் உடனே அளிக்கும் பொருட்டு, சும்மா கிடக்கும் நினைவகத்தில் நிறுத்திவைப்பதும், நிரலொன்று இடம் கேட்ட க்ஷணத்தில் அவற்றுள் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பதும் லினக்ஸ் கர்னலின் சுபாவம். ஆதலால் காலியிடம் குறைவதைத் தரித்திரமென்று கொள்ளலாகாது. 2014-இல் வெளிவந்த 3.14 கர்னல் முதல் கிடைக்கும் ‘அவைலபிள்’ என்ற மதிப்பீடே, வட்டிலுள்ள ஸ்வாப் இடத்தை நாடாமல் புது நிரலுக்கு எவ்வளவு தேறும் என்பதைச் சொல்கிறது.

வைகாசி 9

அக்கினி நட்சத்திர வெயில். ‘டாப்’ கட்டளை காட்டிய ஆர்எஸ்எஸ் எண்களை, அதாவது ஒவ்வொரு நிரலும் பகிர்ந்ததையும் சேர்த்து நினைவகத்தில் பிடித்திருக்கும் இடத்தை, மருமகன் கூட்டிப் பார்க்க, தொகை இரண்டு ஜி.பி.யையும் மிஞ்சிற்று. ஒரே கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் கண்மாய் நீர் முழுவதையும் தம் பேரில் எழுதிக்கொண்டால் நேரும் விபரீதம் இது. 30 எம்.பி. நூலகமொன்றைப் பகிரும் மூன்று நிரல்களுக்குத் தனியுரிமையாகத் தலைக்கு 10 எம்.பி. இருக்குமாயின், ஆர்எஸ்எஸ் கூட்டுத்தொகை 120. உண்மைச் செலவோ 60. பகிர்ந்ததைப் பங்கிட்டுத் தலைக்கு 20 என்று சொல்வது பிஎஸ்எஸ். மாட் மாக்கல் இயற்றிய ‘ஸ்மெம்’ அதைத் தொகுத்துக் காட்டுகிறது. ஆனால் அவற்றுள் ஒன்றை நிறுத்தினால் மீள்வது 20 அன்று, அதன் தனியுரிமையான 10 மட்டுமே. அதற்கு யுஎஸ்எஸ் என்று பெயர்.

வைகாசி 12

மருமகனிடம் 512 எம்.பி. நினைவகமுள்ள ராஸ்பெர்ரி பை ஸீரோ பலகை ஒன்றும் உண்டு. இத்தகைய சிறு சாதனங்களில் நினைவகச் செலவின் சராசரியை நம்பியிருப்பது அபாயம். ஒரு நிமிஷம் தேவை மிஞ்சிவிட்டால் கர்னலே ஒரு நிரலைத் தேர்ந்து சம்ஹாரம் செய்துவிடும். நிரல் தொட்ட உச்சத்தை, ப்ராக் கோப்புறையில் அதன் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பிலுள்ள ‘விஎம்ஹெச்டபிள்யூஎம்’ என்ற வரி குறித்துவைக்கிறது. பதிவுக் கோப்பு முழுவதையும் ஒருசேர வாசித்த தன் நிரலை, வரிவரியாக வாசிக்கும்படி மருமகன் திருத்தினான். சராசரியில் சொற்ப வித்தியாசமே தெரிந்தது, உச்சமோ பாதிக்கும் கீழே இறங்கிற்று.